ஆறாம் வகுப்பும் ஆறு கட்டமும்

அஞ்சாவது வரைக்கும் எங்களுக்கு ஒரே டீச்சர்தான். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனதும் பெல் அடிக்க அடிக்க ஆள் மாறினார்கள். யார் என்ன வீட்டுப்பாடம் கொடுத்தார்கள் என்பதே சாயங்காலம் நினைவிருக்காது. முதல் மாதத்தில் பாதி நாள் வாசலில்தான் நின்றேன்.

அப்புறம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தை வீட்டுப்பாடத்துக்கென்றே ஒதுக்கினேன். பெல் அடித்ததும் ஒரு வரி, அவ்வளவுதான். இரவு சாப்பிட்டதும் அந்தப் பக்கத்தையும் டைம்டேபிளையும் பார்த்துப் பையை அடுக்குவேன். பை எடையும் குறைந்தது.

கணக்கு அப்படிச் சுலபமாகச் சரியாகவில்லை. 1/2 + 1/3 என்றால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதிவிடுவேன். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி விழும். மீ.சி.ம. எடு என்பார்கள், அதாவது கீழே உள்ள இரண்டு எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண். எதற்கென்று மண்டையில் ஏறாது.

அக்காதான் கட்டம் போட்ட நோட்டில் 6 கட்டங்களைச் சுற்றிக் கோடு போட்டாள். "இதுல பாதி எத்தனைடா?" 3. "மூணுல ஒரு பங்கு?" 2. இரண்டையும் பென்சிலால் நிரப்பினேன். 5 கட்டம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. 5/6! பாதியே 3 கட்டம் வரும்போது, பாதியைவிடக் குறைவான 2/5 எப்படி விடையாகும்? இப்போதும் பின்னக் கணக்கு வந்தால் ஓரத்தில் கட்டம் போட்டுத்தான் தொடங்குகிறேன். கணக்கு சாருக்கு அது பிடிக்காது, நோட்டு அசிங்கமாகிறதாம்.