பின் ஷாக்கை வீட்டிலேயே செட் பண்ணுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பெங்களூரில் நம்மவர்கள் நிறையப் பேரிடம் ஒரே பைக் இரண்டு வேலை பார்க்கிறது. வாரநாளில் தனியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ ஒயிட்ஃபீல்டுக்கோ போய்வரும், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் மனைவியையும் ஒரு பெரிய பையையும் ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி பக்கம் கிளம்பும். 70 கிலோ சுமந்த வண்டி திடீரென்று 140 கிலோ சுமக்கிறது. பின் ஷாக் அப்சார்பர் மட்டும் ஷோரூமில் இருந்து வந்த அன்று எந்தப் படியில் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்ற நிலை) இருந்ததோ அதே படியில்தான். டூல்கிட்டில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு ஸ்பேனர் கிடக்கிறதே, அது இந்தப் படியை மாற்றத்தான் கொடுக்கப்பட்டது.

சரி, மாற்றுகிறவர்களாவது சரியாக மாற்றுகிறார்களா என்றால், அங்கேதான் பெரிய குழப்பம். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அழுத்த இரண்டு கிலோ எடை வேண்டுமென்றால், ப்ரீலோடை, அதாவது இந்த முன் அழுத்தத்தை, எவ்வளவு கூட்டினாலும் அது அசையத் தொடங்கிய பிறகு அதே இரண்டு கிலோதான் (சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாக இருக்கும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் வேறுபடும்). மாறுவது வண்டி நிற்கும் உயரம். ஆள் ஏறியதும் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைத்தான் நாம் தீர்மானிக்கிறோம், அந்தத் தாழ்வுக்கு சேக் என்று பெயர்.

சேக்கே இல்லாமல் செய்துவிடுவதும் தவறுதான். "எதற்கு வம்பு, கடைசிப் படியிலேயே இருக்கட்டும், டபுள்ஸ் போனாலும் தாங்கும்" என்று வைத்துவிட்டுத் தனியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். ஷாக் ஏற்கெனவே முழுக்க நீண்டு நின்றால் சக்கரம் இறங்காது, டயர் ஒரு கணம் காற்றில் தொங்கும். நம் ஊர் ரோட்டில், அதுவும் மழை முடிந்த மாதங்களில், இது முதுகுவலியோடு நிற்காது, பிரேக் பிடிக்கும் நேரத்தில் பின்சக்கரம் குதிக்கும். மாறாக, தனி ஆளுக்கான படியிலேயே இரண்டு பேர் போனால் வால் தாழ்ந்து மூக்கு தூக்கும், ஹேண்டில் லேசாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும், ஒவ்வொரு ஹம்ப்பிலும் சென்டர் ஸ்டாண்டு உரசும்.

எந்தப் படி என்பதை உட்கார்ந்து இரண்டு முறை குலுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு டேப் எடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது, அச்சின் நடுவில் இருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள், ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கட்டும். முதலில் 520 மில்லிமீட்டர், இப்போது 490 என்றால் சேக் 30. பின்சக்கரம் மொத்தம் 100 மில்லிமீட்டர் அசையும் வண்டியில் இது சரியான அளவு, பொதுவாக 30 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். அதைவிட அதிகம் தாழ்ந்தால் படியை ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். பில்லியனோடு, அதாவது பின்னால் ஒருவரை உட்கார வைத்து, ஒரு முறை அளந்து அந்தப் படியையும் குறித்து வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் டேப் தேவையில்லை.

திருப்பும்போது நடக்கும் தவறுகள் வேறு ரகம். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவது நம் மெக்கானிக்குகளில் சிலருக்கே பழக்கம், அதில் ஷாக் வளையத்தில் ஸ்பேனர் மாட்டும் பள்ளங்கள் சிதைந்து பிறகு சரியான ஸ்பேனரும் பிடிக்காது. இரண்டு ஷாக் உள்ள வண்டியில் ஒரு பக்கம் மூன்றாம் படி, மறுபக்கம் இரண்டாம் படி என்று விட்டுவிடக் கூடாது, மிக இளகிய படியில் இருந்து இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டு வாருங்கள். முதலில் மண்ணை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சைலன்சர் ஆறியிருக்கட்டும், கையுறை போடுங்கள், ஸ்பேனர் நழுவினால் விரல் முட்டி நேராகப் போய் இடிக்கும். எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் பிரேக் டிஸ்க்கில் படாமல் துணியால் மூடுங்கள். மரை போட்ட வளையத்தைச் சுற்றும் மோனோஷாக் (பின்னால் ஒரே ஷாக்) என்றால் மேலே உள்ள பூட்டு வளையத்தை முதலில் தளர்த்த வேண்டும், மறந்து முரட்டுத்தனமாகத் திருப்பினால் மரை போய்விடும்.

பலரும் மறப்பது ஷாக்கைச் சுற்றியுள்ளவற்றை. வால் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும், கிளம்புமுன் ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் தாழத் தாழ செயின் இறுகும். ஸ்டாண்டில் வைத்து டைட்டாகப் பிடித்த செயின், இரண்டு பேர் ஏறி ஒரு குழியில் இறங்கும்போது இழுபட்டு பேரிங்கைத் தின்னும், அதனால் மேனுவல் சொல்லும் தளர்வை அப்படியே விடுங்கள். டயர் காற்றுக்கு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள், பில்லியனுக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. டயர் சூடாவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

ரீபவுண்டு திருகு (அழுந்திய ஷாக் திரும்ப நீளும் வேகத்தை மாற்றுவது) உள்ள விலை கூடிய வண்டி என்றால், முதலில் கடிகாரச் சுற்றில் மெதுவாக மூடி எத்தனை கிளிக் என்று எழுதிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், அதுவும் ப்ரீலோடை மாற்றிய அதே நாளில் வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்றே தெரியாது.

இவ்வளவு செய்தும் வண்டி தொட்டில் போல ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக்கின் தண்டைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தால் உள்ளே டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் சக்தி) போய்விட்டது, கடைசிப் படிக்கு ஏற்றினாலும் சரியாகாது. கேஸ் நிரப்பிய ஷாக்கை வீட்டில் திறக்கவோ சூடுபடுத்தவோ கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் இரண்டு ஷாக் வண்டிக்கு வாங்கினால் ஜோடியாகவே வாங்குங்கள், பழையது ஒன்றும் புதியது ஒன்றும் ஒரே வண்டியில் ஒத்துப்போகாது.