பெருமைப்பட என்ன இருக்கிறது? உட்கார்ந்து எழுதிப் பார்க்க ஒரு வழி

"வாழ்க்கையில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்கு வாயடைத்துப் போகும், இல்லையென்றால் பயோடேட்டா வந்து விழும். டிகிரி, வேலை, பதவி உயர்வு. எனக்கும் அதுதான் வந்தது. ஒருநாள் நோட்டை எடுத்து எழுதியதில் பத்து வரி தேறியது, திரும்பப் படித்தால் யாரோ முன்பின் தெரியாதவரின் விண்ணப்பத்தைப் படிப்பது போல இருந்தது. அப்புறம் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழி இது.

முதலில் "சாதனை" என்ற சொல்லைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அதைக் கேட்டதுமே மேடையும் கைதட்டலும் கண் முன்னால் வந்து நின்றுவிடும், மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எங்கே விட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் போகவில்லை? எதற்குப் பயந்து நடுங்கினேன், ஆனாலும் செய்தேன்? எந்தத் தப்பை யாரும் பிடிப்பதற்கு முன் நானே போய் ஒத்துக்கொண்டேன்?

இந்தக் கேள்விகளோடு வயதை ஐந்தைந்து வருடமாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். காரணம் இருக்கிறது. நடு வயதைத் தாண்டியவர்களிடம் பழைய ஞாபகங்களைக் கேட்டால் ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வரும், ஞாபகத்தை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. முதல் வேலையும் முதல் காதலும் பளிச்சென்று நிற்கும், 42 வயதில் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்த வருடம் இருந்த இடமே தெரியாது. அதனால் ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் மூன்றே குறிப்பு: எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன், அப்போது எதை நினைத்துத் தூக்கம் கெட்டது. மூன்றாவதுதான் முக்கியம். கவலையை எழுதிவிட்டால் அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பது பின்னாலேயே வந்துவிடும்.

சரி, ஒரு பட்டியல் தேறிவிட்டது. இனி வேண்டாததைக் கோடு போட்டு அடிக்கிற வேலை. அடுத்தவரின் வெற்றியை முதலில் அடியுங்கள். பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் அது பிள்ளை வாங்கியது. தினமும் சாயங்காலம் கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றால் அதை எழுதலாம் (கத்தியிருந்தால் வேண்டாம், நமக்கே தெரியும்). அதே நேரம் "ஏதோ அதிர்ஷ்டம், நடந்துவிட்டது" என்று எல்லாவற்றையும் அடித்துவிடுகிறவர்களும் உண்டு. 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள்: நன்றாகப் படித்து, நல்ல நிலைக்கு வந்த பெண்களே "நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கும் அந்தப் புத்தி இருந்தால் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் தானாக வாய்த்தது, வலது பக்கம் நான் செய்தது என்று பிரித்து எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருப்பது ரொம்ப அபூர்வம்.

மிஞ்சியதில் ஒன்றே ஒன்றை எடுத்து முழுசாக எழுதுங்கள். "அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்" என்று எழுதினால் அது வெறும் வாக்கியம், கண்ணுக்கு எதுவும் தெரியாது. நான் இரண்டாவது தடவை எழுதியது இப்படி: பக்கவாதத்தில் படுத்த அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். ராத்திரி பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று போனில் நாலு அலாரம். புரட்டியதும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, கடைசியில் விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது. எட்டு மாதம். ஒருநாள் வீட்டுக்கு வந்த நர்ஸ் அவர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒரு புண்கூட இல்லையே" என்றார், அவ்வளவுதான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என் முதல் பட்டியலின் பத்து வரியில் இது இல்லவே இல்லை.

இப்படிப் பழசைக் கிளறும்போது கூடவே வருத்தமும் மேலே வரும், அதற்குத் தயாராக இருங்கள். முதியவர்கள் பழைய கதையையே பேசுவதை மூளை தளர்ந்த புலம்பல் என்று ஒதுக்கிவந்த காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல் அது மனம் இயல்பாகச் செய்கிற வேலை, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கிற வேலை என்று எழுதினார். அதே கையோடு, சிலரை அது குற்ற உணர்ச்சியிலும் மனச்சோர்விலும் கொண்டுபோய்விடும் என்றும் எச்சரித்தார். அதனால் ஒரு தடவை உட்கார்ந்தால் இருபது நிமிடம் போதும். ராத்திரி படுக்கையில் வேண்டாம், பகலில் எழுதுங்கள். ஒரே வருத்தம் நாலு நாள் தொடர்ந்து திரும்பத் திரும்ப வந்தால் நோட்டை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் போகலாம்.

கடைசி வேலை, எழுதியதை அந்தச் சமயத்தில் கூட இருந்த ஒருவருக்குப் படித்துக் காட்டுவது. கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஞாபகம் நம்மை நடுவில் வைத்தே கதை சொல்லும், கூட இருந்தவர்தான் ஓரத்தில் நடந்ததைச் சொல்ல முடியும். நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "மூணு மணி அலாரம் எனக்கும் கேக்கும்டா, நீ எழுந்துட்டியான்னு பார்த்துட்டுத்தான் மறுபடி கண்ணை மூடுவேன்" என்றாள். பக்கத்து அறையில் இன்னொருத்தியும் விழித்திருந்தாள் என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. அதையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.