ஐஎம்எஃப்ல எந்த நாட்டுக்கு எவ்ளோ கோட்டா? நாமளே ஒரு ஷீட்ல போட்டுப் பாக்கலாம்

2023 மார்ச்ல இலங்கைக்கு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஒரு கடன் ஒத்துக்கிச்சு, கிட்டத்தட்ட 3 பில்லியன் டாலர், அவங்க கணக்குல 2.286 பில்லியன் எஸ்டிஆர். அந்த ஆவணத்துல பக்கத்துலயே "கோட்டாவுல 395 சதவீதம்"னு ஒரு வரி இருக்கும். இலங்கையோட கோட்டா 57.88 கோடி எஸ்டிஆர், அதை 3.95 ஆல பெருக்கினா கடன் தொகை வந்துடும். ஒரு நாடு எவ்ளோ கடன் வாங்கலாம், எவ்ளோ பணம் போடணும், எத்தனை ஓட்டு கிடைக்கும், எல்லாத்துக்கும் அடிப்படை இந்தக் கோட்டாதான். 2021ல 650 பில்லியன் டாலர் மதிப்புக்குப் புது எஸ்டிஆரைப் பிரிச்சுக் கொடுத்தப்பவும் கோட்டா கணக்குலதான் கொடுத்தாங்க, இந்தியாவுக்கு 17.9 பில்லியன் டாலர் அளவுக்கு வந்துச்சு.

(எஸ்டிஆர்னா டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் அஞ்சையும் சேர்த்து மதிப்பு போடுற ஐஎம்எஃப்போட கணக்கு அலகு.)

இவ்ளோ பெரிய விஷயத்தோட ஃபார்முலா பத்தாங்கிளாஸ் கணக்குதான், எக்ஸெல் இல்ல கூகுள் ஷீட்ஸ் போதும், வாங்க.

ஸ்டெப் 1: நாலு எண் எடுத்து வெச்சுக்கோங்க

2008ல இருந்து இருக்கற ஃபார்முலாவுல நாலு விஷயம் இருக்கு: ஜிடிபி, ஓப்பன்னெஸ் (வெளிநாட்டோட நடக்கற வரவு செலவு மொத்தம்), வேரியபிலிட்டி (வெளிநாட்டு வரவும் மூலதனமும் எவ்ளோ ஏறி இறங்குது), ரிசர்வ் (மத்திய வங்கி கையில இருக்கற அந்நியச் செலாவணி). எல்லாத்தையும் உலக மொத்தத்துல எத்தனை சதவீதம்னு மாத்திக்கணும், இதை மறந்துட்டு டாலர்லயே போட்டுட்டா விடை அர்த்தமே இல்லாம வரும். நிஜ எண்கள் ஐஎம்எஃப் சைட்ல கோட்டா டேட்டான்னு தேடினாலே எக்ஸெல் ஃபைலா கிடைக்கும். இங்க நான் ஒரு கற்பனை நாட்டை வெச்சுச் சொல்றேன்.

ஸ்டெப் 2: ஜிடிபியைக் கலக்கணும்

சந்தை எக்ஸ்சேஞ்ச் ரேட்ல ஒரு ஜிடிபி, உள்ளூர் விலைவாசிக்கு ஏத்த மாதிரி சரிபண்ண பிபிபி ஜிடிபி ஒண்ணு, முதலாவதுக்கு 60 சதவீத வெயிட், ரெண்டாவதுக்கு 40. மூணு வருஷ சராசரி எடுப்பாங்க. நம்ம நாட்டோட பங்கு சந்தை ரேட்ல 3.5, பிபிபில 8னு வெச்சுப்போம்: 3.5 × 0.6 = 2.1, 8 × 0.4 = 3.2, ஆக 5.3.

ஸ்டெப் 3: வேரியபிலிட்டி

புதுசா வர்றவங்க தடுமாறுறது இங்கதான், பொறுமையாப் போங்க. 13 வருஷ டேட்டாவை வரிசையா போட்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் முன்ன பின்ன ஒரு வருஷம் சேர்த்து மூணு வருஷ சராசரி எடுங்க, அதுதான் டிரெண்ட். நிஜ எண்ல இருந்து டிரெண்டைக் கழிச்சா விலகல் கிடைக்கும், அந்த விலகல்களோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எண்கள் எவ்ளோ சிதறிக் கிடக்குன்னு காட்டற அளவு)தான் வேரியபிலிட்டி. வெளிநாட்டு வரவு திடீர்னு ஆட்டம் காணற நாட்டுக்குக் கடன் தேவை அதிகம் இருக்கும்ங்கறது இதுக்குப் பின்னாடி இருக்கற எண்ணம். ஆனா இது சதவீத ஆட்டம் இல்ல, மொத்தத் தொகையில வர்ற ஆட்டம், அதனால பெரிய நாட்டுக்குத் தானாவே பெரிய எண் வந்துடும், சின்னத் தீவு நாடு ஒரே வருஷத்துல பாதி வருமானத்தை இழந்தாலும் இதுல பெருசா தெரியாது. டேட்டா இருந்தா வேரியபிலிட்டிக்கும் ஓப்பன்னெஸ்ஸுக்கும் கோரிலேஷன் (ரெண்டும் எவ்ளோ சேர்ந்தே ஏறி இறங்குதுங்கற அளவு) போட்டுப் பாருங்க, ரெண்டும் நாட்டோட சைஸையே திரும்பத் திரும்ப அளக்குதுன்னு புரியும். வேரியபிலிட்டியை ஃபார்முலாவுல இருந்தே எடுத்துடணும்னு சொல்ற பக்கம்தான் நானும்.

ஸ்டெப் 4: வெயிட் போட்டுக் கூட்டுங்க

ஜிடிபிக்கு 0.5, ஓப்பன்னெஸ்ஸுக்கு 0.3, வேரியபிலிட்டிக்கு 0.15, ரிசர்வுக்கு 0.05. நம்ம நாட்டுக்கு ஓப்பன்னெஸ் 2.5, வேரியபிலிட்டி 2.4, ரிசர்வ் 5னு வெச்சா: 2.65 + 0.75 + 0.36 + 0.25 = 4.01.

இப்போ ஸ்டெப் 2க்குத் திரும்பிப் போய் சந்தை ஜிடிபியை மட்டும் வெச்சுப் போடுங்க, 3.11 வரும். பிபிபி மட்டும்னா 5.36. அதே நாடு, அதே பொருளாதாரம், வெயிட்டை மாத்தினதும் பங்கு எவ்ளோ மாறுது பாருங்க! இதுக்குப் பேருதான் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ், எந்த இண்டெக்ஸைப் பாத்தாலும் முதல்ல செய்ய வேண்டிய வேலை இது. இந்தியா, சீனா மாதிரி நாடுகள் பிபிபிக்கு வெயிட் கூட்டச் சொல்றதும் பணக்கார நாடுகள் சந்தை ரேட்டை விடாம பிடிச்சுக்கறதும் ஏன்னு இந்த மூணு எண்ணுலயே தெரிஞ்சுடும்.

வெயிட்டை முதல்ல யார் எப்படி முடிவு பண்ணாங்க? 1943ல அமெரிக்கக் கருவூலத்துல இருந்த பொருளாதார நிபுணர் ரேமண்ட் மைக்செல் கிட்ட அங்க மேலதிகாரியா இருந்த ஹாரி டெக்ஸ்டர் வைட் ஒரு ஃபார்முலா கேட்டார், அமெரிக்காவுக்கு சுமார் 2.9 பில்லியன் டாலர் வரணும், பிரிட்டனுக்கு அதுல பாதி கிட்ட, அப்புறம் சோவியத், சீனான்னு வரிசையையும் அவரே சொல்லிட்டார். மைக்செல் தேசிய வருமானம், தங்கம் டாலர் இருப்பு, இறக்குமதி, ஏற்றுமதி ஏற்ற இறக்கம் இதுக்கெல்லாம் வெயிட்டை மாத்தி மாத்திப் போட்டு அந்த விடை வர்ற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுத்தார், இதைப் பின்னாடி அவரே எழுதியும் வெச்சிருக்கார். 1944ல ஐஎம்எஃப்பை உருவாக்கின பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுல கோட்டா பேசினதுக்கு அடிப்படை அதுதான். விடையை முதல்ல வெச்சுட்டு ஃபார்முலாவைப் பின்னாடி பொருத்தறது புள்ளியியல்ல பெரிய தப்பு, ஆனா உலக அமைப்போட அஸ்திவாரமே அப்படிப் போட்டதுதான்.

ஸ்டெப் 5: அமுக்கறது

வந்த எண்ணை 0.95ங்கற பவருக்கு (அடுக்குக்கு) உயர்த்தணும், அப்புறம் எல்லா நாட்டையும் கூட்டி திரும்ப 100 ஆக்கணும். மூணே நாடு இருக்கற உலகத்துல பங்கு 60, 30, 10னு வெச்சுப் போட்டா 48.89, 25.31, 8.91 வரும், கூட்டினா 83.11, அதால வகுத்தா 58.83, 30.45, 10.72. பெரியவங்க கிட்ட இருந்து கொஞ்சம் சின்னவங்களுக்கு நகருது, ரொம்பக் கொஞ்சம்தான்.

ஒரு விஷயம் மறக்காதீங்க, இப்படி வர்றது கணக்குல வர்ற கோட்டா மட்டும்தான். நிஜக் கோட்டா பேரம் பேசித்தான் முடிவாகும். சீனாவுக்கு ஃபார்முலா கொடுக்கறது அவங்க கையில இருக்கற 6.4 சதவீதத்தை விட ரொம்ப அதிகம்.

ஸ்டெப் 6: ஓட்டா மாத்துங்க

ஒவ்வொரு 1,00,000 எஸ்டிஆருக்கும் ஒரு ஓட்டு. அதோட மொத்த ஓட்டுல 5.502 சதவீதத்தை எல்லா நாட்டுக்கும் சமமாப் பிரிச்சுத் தருவாங்க, ஆளுக்கு சுமார் 1,450. துவாலுவோட கோட்டா 25 லட்சம் எஸ்டிஆர், அதுக்கு 25 ஓட்டு, மிச்சமெல்லாம் இந்த அடிப்படை ஓட்டுதான். இந்தியாவுக்கு 1,31,144 ஓட்டு கோட்டாவால வருது, அடிப்படையும் சேர்த்து 2.63 சதவீதம். அமெரிக்காவுக்கு 8,29,942, அதாவது சுமார் 16.5 சதவீதம்.

ஸ்டெப் 7: ஓட்டு வேற, பவர் வேற

மூணு பேர் இருக்காங்கன்னு வெச்சுப்போம்: ஏ கிட்ட 50 ஓட்டு, பி கிட்ட 49, சி கிட்ட 1, ஜெயிக்க 51 வேணும். ஜெயிக்கற கூட்டணி ஏபி, ஏசி, ஏபிசி. யார் விலகினா கூட்டணி தோத்துடும்னு எண்ணுங்க: ஏ மூணு தடவை, பி ஒரு தடவை, சி ஒரு தடவை. 49 வெச்சிருக்கறவருக்கும் 1 வெச்சிருக்கறவருக்கும் ஒரே பவர்! இது பான்சாஃப் இண்டெக்ஸ், 1946ல பென்ரோஸும் 1965ல பான்சாஃபும் தனித்தனியா சொன்னது.

இதே கண்ணோட ஐஎம்எஃப்பைப் பாருங்க. கோட்டாவை மாத்த 85 சதவீத ஓட்டு வேணும், அமெரிக்கா இல்லாம மத்த எல்லாரும் சேர்ந்தாலும் 83.5தான் வருது. 2010ல ஒத்துக்கிட்ட கோட்டா சீர்திருத்தம் அமெரிக்கக் காங்கிரஸ் 2015 டிசம்பர்ல சம்மதிச்ச பிறகு 2016 ஜனவரிலதான் அமலுக்கு வந்துச்சு, இந்தியாவோட கோட்டா பங்கு 2.44ல இருந்து 2.75 ஆனதும் அப்பதான். ஷீட்ல அமெரிக்காவோட ஓட்டை 14.9க்குக் குறைச்சு, குறைஞ்சதை மத்தவங்களுக்குப் பங்கு போட்டுட்டு இதே எண்ணிக்கையைத் திரும்பப் பண்ணிப் பாருங்க, வெறும் 1.6 சதவீதம் நகர்ந்ததுக்கே தனியா நின்னு தடுக்கற அந்த வீட்டோ போயிடும்.