ஆர்.சி. – சி.எஸ்.ஐ. வீட்டில் பிள்ளையைக் கத்தோலிக்கராக வளர்க்க: முதல் படிகள்

மாமியார் கோட்டைக்குள் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) புனித யோவான் ஆலயத்துக்கும், மருமகள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) விண்ணேற்பு அன்னை பேராலயத்துக்கும் போகும் வீடு வேலூரில் அதிசயம் இல்லை. அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853-லேயே வந்துவிட்டது, கத்தோலிக்க மறைமாவட்டம் 1952-ல் அமைந்தது, இரண்டு பக்கமும் நம் சொந்தங்கள்தான். பிள்ளை பிறந்ததும்தான் "எந்தக் கோயில்?" என்று ஆரம்பிப்பார்கள்.

அதனால் முதல் படி, கல்யாணத்துக்கு முன்பே பேசுவது. இப்படிப்பட்ட கல்யாணத்துக்குக் கத்தோலிக்க பிஷப்பிடம் அனுமதி வாங்கும்போது, பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் வாக்கு கொடுக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் மற்றவரிடம் வாக்கு கேட்பதில்லை, அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "என்னிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள்" என்று பின்னால் சண்டை வராமல் இருக்க இதைப் பெரியவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஞானஸ்நானம். ஞானப்பெற்றோரில் ஒருவராவது உறுதிபூசுதல் பெற்ற, பொதுவாக 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. அத்தையை விட்டுவிடாதீர்கள், அவர் கூடவே சாட்சியாக நிற்கலாம். ஏற்கெனவே சி.எஸ்.ஐ.யில் தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்தாகிவிட்டதா? மறுபடி கொடுக்க மாட்டார்கள், சான்றிதழை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையைப் பாருங்கள்.

ஞாயிறு பூசையும் மறைக்கல்வியும் தவறக் கூடாது. சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் போனால் பூசைக்குப் போன கணக்கு ஆகாது. ஆனால் அப்புறம் பாட்டியோடு சண்டே ஸ்கூலுக்கும் அனுப்பலாம் என்பேன், வசனத்தை மனப்பாடம் செய்யவைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது, அதை ஏன் இழக்க வேண்டும்?

வீட்டு ஜெபத்தில் பாட்டி ஒரு கீர்த்தனை பாடட்டும், நீங்கள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லுங்கள், முழுதும் வேண்டாம், குழந்தை தூங்கிவிடும். "மாதாவைக் கும்பிடுகிறீர்களா?" என்று பாட்டி கேட்டால் கோபப்படாமல், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவிடம் நமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம் என்று பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், கானா ஊர்க் கல்யாணத்தில் அவர்தானே ரசம் தீர்ந்துவிட்டதை இயேசுவிடம் சொன்னார்.

கஷ்டமான இடம் புதுநன்மை, அதாவது பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்குவது. ஏழு வயதை ஒட்டிய பிள்ளை "அப்பா ஏன் நற்கருணை வாங்கவில்லை?" என்று கேட்காமல் இருக்காது. அப்பா பாவி என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. திருச்சபைகள் இன்னும் ஒன்றாகவில்லை, அதனால் சேர்ந்து வாங்க முடியவில்லை, அது எல்லோருக்கும் வருத்தம்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதே காரணத்தால்தான் பாட்டி கோயிலில் திருவிருந்து கொடுக்கும்போது பிள்ளையும் வாங்கக் கூடாது, இதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது அம்மா இல்லை, அப்பாதான். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.