ஃபயர்பிளேஸ் கேஸ் வால்வை மாத்துறதுக்கு முன்னாடி இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கனடாவுல குளிர் ஆரம்பிச்சு ஃபயர்பிளேஸ் சுவிட்சைப் போட்டா பைலட்ங்கிற குட்டித் தீ மட்டும் நீலமா எரியும், பெரிய தீ வர்ற பர்னர் பிடிக்கவே பிடிக்காது. உடனே "20 வருஷமாச்சு, வால்வு போயிடுச்சு"ன்னு புதுசு ஆர்டர் பண்ணிடுறாங்க. எனக்குத் தெரிஞ்சு இதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு.

பழைய மாடல் நிறையது வீட்டு கரண்ட் இல்லாமலே ஓடும், பைலட் தீ தெர்மோபைலை சூடாக்கும், அதுல வர்ற துளி கரண்ட்தான் வால்வைத் திறக்குது. அதனால மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வச்சு வால்வுல டிபி (TP), டிஎச்டிபின்னு (TH/TP) போட்டிருக்குற முனை ரெண்டுலயும் தொட்டுப் பாருங்க, பைலட் மட்டும் எரியும்போது 325-க்கு மேல காட்டணும், கம்மியா இருந்தா பைலட்ல தூசி அடைச்சிருக்கும் இல்ல தெர்மோபைல் தேஞ்சிருக்கும். அது சரியா இருந்தா டிஎச் (TH), டிஎச்டிபி ரெண்டையும் சின்ன ஒயர் துண்டால இணைச்சுப் பாருங்க, சுவிட்சைப் போட்ட மாதிரிதான் அது. என் பிரெண்டு வீட்டுல புது வால்வு டப்பாவோட வந்து உக்காந்திருந்துச்சு, இப்படி ஒயரை வச்ச உடனே பர்னர் குப்புன்னு பிடிச்சுது, பிரச்சனை செவுத்துல இருந்த சுவிட்ச்!

அந்த சுவிட்ச் ஒயர்ல 120 வோல்ட் கரண்டை மட்டும் கொடுத்துடாதீங்க, நல்ல வால்வும் செத்துரும்.

நிஜமாவே வால்வுதான் போச்சுன்னா பிரிச்சு ரிப்பேர் பண்ணப் பாக்காதீங்க, முழுசா மாத்தணும். பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு எதையோ வாங்கவும் கூடாது, நேச்சுரல் கேஸ் வால்வு பர்னருக்கு விடுற அழுத்தம் சுமார் 3.5 இன்ச் வாட்டர் காலம் (water column, கேஸ் அழுத்தத்தை அளக்குற அளவு), புரொப்பேனுக்கு 10 பக்கம் வரும், மாத்திப் போட்டா தீ தாறுமாறாயிடும். ஃபயர்பிளேஸுக்கு அடியில இருக்குற பிளேட்டுல மாடல் நம்பர் பாத்து வாங்குங்க.

கழட்டி மாட்டுற வேலைய நீங்க செய்யாதீங்க. ஒண்டாரியோவுல டிஎஸ்எஸ்ஏ-ல (TSSA, அங்க கேஸ் வேலையோட பாதுகாப்பைப் பாத்துக்குற அமைப்பு) பதிவு பண்ண கான்ட்ராக்டர்தான் செய்யணும், அது சட்டம். ஆனா பக்கத்துல நின்னு பாருங்க, தப்பே இல்ல. லைனை மூடிட்டு ஆரம்பிக்கிறாரா, ஒரு ஸ்பேனரால பைப்பைப் பிடிச்சுக்கிட்டு இன்னொன்னால திருப்புறாரான்னு பாருங்க, ஒரே ஸ்பேனரால முறுக்கினா செவுத்துக்குள்ள இருக்குற ஜாயின்ட் லூசாகிடும். ஃபிளேர் நட்டுல (பைப்போட விரிஞ்ச முனையை அழுத்திப் பிடிக்கிற நட்டு) டேப் சுத்தவே கூடாது, அங்க உலோகம் உலோகத்தோட அமுங்கித்தான் சீல் ஆகுது, டேப் சுத்துனா லீக்தான் வரும்.

கேஸ் வாடை வந்துச்சுன்னா எந்த சுவிட்சையும் தொடாம எல்லாரும் வெளிய போய் அங்கிருந்து கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணுங்க.

கடைசியா லீக் இருக்கான்னு சோப்புத்தண்ணியாலதான் பாக்கணும், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். லைனைத் திறந்ததும் ஜாயின்ட்ல தடவி முட்டை விடுதான்னு பாப்பாங்க, அதோட நிறைய பேர் முடிச்சுக்குறாங்க. பர்னர் எரியும்போது இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க, வால்வுக்கும் பர்னருக்கும் நடுவுல இருக்குற பைப்ல அப்பதான் கேஸே வருது.