இன்டர்ன்ஷிப் வருசத்தை வெறுக்க வைக்கிற சில பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் டொக்டர் படிப்பு முடிச்சு ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப் தொடங்கப் போற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இதை எழுதுறன். மொத்தம் ஒரு வருசம், ஆறு மாசம் ஒரு துறை, மிச்ச ஆறு மாசம் இன்னொரு துறை. மெரிட் லிஸ்ட்ல மேல நிண்டவங்க விரும்பினதை எடுப்பாங்க, மற்றவங்களுக்கு மிஞ்சினது. மெடிசின் கேட்டு சேர்ஜரி கிடைச்சிட்டு எண்டதும் சில பேர் முதல் நாளே கலண்டர்ல தேதி வெட்டத் தொடங்கிருவாங்க. அதுதான் முதல் பிழை. வேண்டா வெறுப்பா நிக்கிறவர் எண்டு வார்டுக்கு ரெண்டு கிழமையில விளங்கிரும், பிறகு ஒருத்தரும் கூப்பிட்டு ஒண்டும் காட்டித் தரமாட்டாங்க.

ஆனா ஆளைக் கூடுதலா வெறுக்க வைக்கிற பிழை வேற. வார்டு வேலையை கிளாக் வேலை மாதிரி செய்யிறது. பிளட் எடுத்தாச்சா, ரிப்போர்ட் ஒட்டியாச்சா, துண்டு வெட்டி வீட்ட அனுப்பியாச்சா, அவ்வளவுதான். வந்த ஆளுக்கு என்ன நடந்தது எண்டு பாக்கிறதே இல்ல.

டெங்கை எடுங்க. இங்க நவம்பர் மழையோட தொடங்கினா பெப்ரவரி வரைக்கும் வார்டு நிரம்பி வழியும். காச்சல் விடுற நேரத்திலதான் ஆபத்துக் கட்டம் வரும், ரத்தக் குழாயில இருந்து நீர் கசியும், கசிவு தொடங்கினா 24 இருந்து 48 மணித்தியாலம் நிக்கும். சேலைன் குறைஞ்சா பிள்ளை ஷொக்குக்குப் போகும், கூடினா நெஞ்சுக்குள்ள நீர் கட்டும். பிளேட்லெட் எவ்வளவு எண்டுதான் வீட்டாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பாங்க, ஆனா ராவு முழுக்க எங்களுக்குத் துணை பிசிவியும் (ரத்தம் எவ்வளவு தடிச்சிருக்கு எண்டு காட்டுற அளவு) சலமும் (மூத்திரம்)தான். தாய் போத்தல்ல அளந்து வச்சிட்டு "மிஸ், இப்ப எவ்வளவு இரிக்கி, காணுமா?" எண்டு கேப்பா. அந்த எண்ணைச் சும்மா சார்ட்டில எழுதிப் போட்டுப் போனா அது எண்ணு மட்டும்தான். கட்டில்ல குந்தி, கை கால் சூடா குளிரா எண்டு தொட்டுப் பாத்து, போன தரத்தோட ஒப்பிட்டு, ட்ரிப்பை நீங்களே கூட்டிக் குறைச்சுப் பாருங்க. விடிய பிசிவி தானா இறங்கி, சலம் கூடி, நேத்து ஒரு வாய் தண்ணி குடிக்காத பிள்ளை இடியப்பம் கேக்கும். நித்திரை இல்லாத அந்த ராவுக்கு அது போதும். சார்ட் மட்டும் நிரப்பினவருக்கு அது இன்னொரு டிஸ்சார்ஜ்.

சின்னப் பிழை மாதிரித் தெரியிற இன்னொண்டு, ராவில சீனியருக்குக் கோல் எடுக்கப் பயப்பிடுறது. சீனியர் ஏசுவார் எண்டு விடியும் வரை காத்திருக்கிறது. ஏசட்டும். ஏச்சு காலமைச் சாப்பாட்டோட போயிரும், நோயாளியைப் பாக்காம விட்டது போகாது. அதே மாதிரி லேபர் ரூம்ல மிட்வைஃப் "டொக்டர், இது சரியில்ல" எண்டு சொன்னா எழும்பிப் போய்ப் பாருங்க, பதினைஞ்சு இருபது வருசமா பிள்ளைப்பேறு பாத்த கண் அது.

வயல்ல புடையன் பாம்பு கடிச்சு வாற ஆக்கள்ல கன பேர் முதல்ல விசகடி வைத்தியரிட்டப் போய், கையில நூலும் கட்டித்தான் வருவாங்க. அதுக்கு ஏசாதீங்க. ஏசினா அடுத்த முறை இன்னும் பிந்தித்தான் வருவாங்க, இல்லாட்டி போனதை மறைப்பாங்க. சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிசம் அசைக்காம வைக்க வேணும், பிறகு சரிச்சுப் பாக்க வேணும், உறையாம ஓடினா விசம் ரத்தத்தில வேலை செய்யுது. அவசரப்பட்டு இடையில ஆட்டிப் பாத்தா டெஸ்ட் பழுதாப் போயிரும். காத்திருக்கிற அந்த நேரத்தில எத்தின மணிக்குக் கடிச்சது, எங்க நோகுது, பாம்பைக் கண்டவரா எண்டு கதையுங்க, நோயாளியைத் தெரிஞ்சுகொள்ள இதை விட நல்ல நேரம் கிடைக்காது. நஞ்சு குடிச்சு வாற பொடியன் பெட்டைகளுக்கும் இதேதான். "ஏன் இந்த வேலை பாத்த?" எண்டு வார்டு முழுக்கக் கேக்க ஏசுறது எங்கட ஆக்களுக்குள்ள ஒரு பழக்கம், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்துப் போட்டுட்டு அஞ்சு நிமிசம் இருந்து கேளுங்க, துண்டு வெட்டுறதுக்கு முதல் மனநல டொக்டர்மாரிட்டக் காட்டுங்க.

பாசை. அம்பாறை ஆஸ்பத்திரியில போட்டா சிங்களம் கட்டாயம் வேணும், "சமாளிப்பம்" எண்டு போகாதீங்க. எங்க நோகுது, எப்ப தொடங்கினது, சாப்பிட்டதா, இவ்வளவையும் ஒரு கிழமையில படிக்கலாம். இங்க இன்டர்ன்ஷிப்புக்கு வாற சிங்களப் பிள்ளைகள் ரெண்டு மாசத்தில "வயித்தால போகுதா அம்மா?" எண்டு கேக்கிறாங்களே.

வெளிநாட்டுச் சோதனைக்குப் படிக்கிறவங்களை நான் பிழை சொல்லல்ல, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆரைத்தான் குறை சொல்ல? ஆனா வார்டு ரவுண்ட்ல நிண்டு ஃபோன்ல சோதனைக் கேள்வி செய்யிற ஆளுக்கு ரெண்டும் கெட்டுப் போகும். ரிப்போர்ட்டை, புண்ணை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுறதும் வேண்டாம், ஊர் சின்னது, பேரை மறைச்சாலும் ஆள் ஆரெண்டு பிடிச்சிருவாங்க.

கடைசியா ரோஸ்டர், அதுதான் டியூட்டி அட்டவணை. சாப்பிடாம, தூங்காம நிக்கிறதைப் பெருமையா எடுக்கிறது பெரிய மடத்தனம். கூட நிக்கிறவங்களோட முதல் மாசமே கதைச்சு வையுங்க. நோம்புக்கும் பெருநாளுக்கும் முஸ்லிம் நண்பர்ட கோல் டியூட்டியை நீங்க செய்யுங்க, பொங்கலுக்கு உங்கட கோலை அவர் செய்வார், வெசாக்குக்கு சிங்கள நண்பரை ரெண்டு பேருமாச் சேர்ந்து வீட்ட அனுப்புங்க. கடைசி நாள் வந்து கேட்டா ஒருத்தரும் மாறித் தரமாட்டாங்க.