கணினியில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

பட்டா நகல் அவசரமாகத் தேவைப்படும்போதுதான், டெஸ்க்டாப் முழுக்க "ஸ்கேன்0001", "ஸ்கேன்0002", "புதிய ஆவணம் (3)" என்று நிரம்பிக் கிடப்பது உறைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ஃபோல்டர்களைக் கூட்டிக்கொண்டே போனால் இது தீராது. ஃபைலைத் திறக்காமலே, பெயரைப் படித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெயர் சரியாக இருந்தால் ஃபோல்டர் கொஞ்சம் தவறிப்போனாலும் தேடலில் அகப்பட்டுவிடும். பெயர் சரியில்லாத ஃபைல், சரியான ஃபோல்டருக்குள் இருந்தாலும் தொலைந்ததுதான்.

ஒரு வீட்டின் ஆவணங்களை எடுத்துக்கொண்டு, விண்டோஸ் கணினியில் இதைச் செய்வோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விடுமுறை நாளில் மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் ஒரு முழு நகல்

ஒழுங்குபடுத்தும்போதுதான் ஃபைல்கள் அதிகம் அழிகின்றன. அதனால் முதல் வேலை நகல் எடுப்பது. விண்டோஸ் விசையையும் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் தனித்தனியே ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து அளவுகளைக் கூட்டுங்கள். அதைவிட அதிக இடமுள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ "2025-06-01_முழுநகல்" என்பதுபோல அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நான்கையும் அதில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி மட்டும்.

முடிந்ததும் மூல ஃபோல்டருக்கும் நகலுக்கும் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஃபைல்களின் எண்ணிக்கையையும் "சைஸ்" என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே உள்ள "சைஸ் ஆன் டிஸ்க்" ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கும் இடத்தைத் துண்டு துண்டாக ஒதுக்கும் விதம் வேறு என்பதால் அந்த எண் மாறத்தான் செய்யும்.

பென் டிரைவில் இடம் நிறைய இருந்தும் கல்யாண வீடியோ மட்டும் ஏற மறுக்கிறதா? அந்த பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கும். அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியை எட்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

படி 2: ஃபைலின் வால் தெரியட்டும்

ஒவ்வொரு ஃபைல் பெயரின் முடிவிலும் புள்ளிக்குப் பின் அதன் வகை இருக்கும்: பிடிஎஃப், ஜேபெக், டாக்ஸ். விண்டோஸ் இதை மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11-இல் எக்ஸ்ப்ளோரரின் மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ தாவலிலேயே அந்தப் பெட்டி இருக்கும்.

இது பாதுகாப்புக்கும் தேவை. மின்னஞ்சலில் வந்த "ரசீது.பிடிஎஃப்" உண்மையில் "ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற நிரலாக இருந்தால், வால் மறைந்திருக்கும்வரை அது தெரியவே தெரியாது. பெயர் மாற்றும்போது இந்த வாலைத் தொடாதீர்கள். எஃப்2 அழுத்தினால் விண்டோஸ் புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை மட்டுமே தேர்ந்தெடுத்துத் தரும். அப்படியே தட்டச்சு செய்தால் போதும்.

படி 3: ஃபோல்டர்கள்

"பிடிஎஃப்கள்", "வேர்டு ஃபைல்கள்", "எக்செல்" என்று வகைப்படி பிரிக்க வேண்டாம். வகை எதுவென்று கணினிக்கே தெரியும்; ஒரு கிளிக்கில் வரிசைப்படுத்தித் தரும். எதற்காகத் தேடுவோமோ அதை வைத்துப் பிரியுங்கள். ஒரு வீட்டுக்கு இது போதும்:

00_வந்தவை
01_அடையாளம்
02_வீடு-நிலம்
03_படிப்பு
04_பணம்-வரி
05_மருத்துவம்
06_படங்கள்
99_பழையவை

முன்னால் எண் இருப்பதால் வரிசை எப்போதும் மாறாது. புதிய ஃபோல்டருக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடுக்கு, மிஞ்சினால் இரண்டு அடுக்கு. அடையாளத்துக்குள் குடும்பத்தில் ஆளுக்கொன்று, வீடு-நிலத்துக்குள் சொத்துக்கொன்று, பணம்-வரிக்குள் நிதியாண்டுக்கொன்று, "2024-25" என்பதுபோல. ஒரு ஃபோல்டரில் மூன்று ஃபைல்தான் இருக்கும் என்றால் அது தனி ஃபோல்டராக இருக்க வேண்டியதில்லை.

படி 4: பெயர்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் எடுக்கும், எடுக்கவும் வேண்டும். நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு: தேதி, என்ன ஆவணம், யாருடையது அல்லது எதனுடையது.

2024-07-15_மின்கட்டணம்_மாடிவீடு
2023-05-08_மதிப்பெண்பட்டியல்_மகள்
2022-11-30_வில்லங்கச்சான்று_சர்வே123-4

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். 15-07-2024 என்று நாளை முன்னால் வைத்தால், பெயர் வரிசையில் 2019-இன் 15-ஆம் தேதியும் 2024-இன் 15-ஆம் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். தேதி என்பது ஸ்கேன் செய்த நாள் அல்ல, ஆவணத்தில் அச்சாகியிருக்கும் நாள். ஸ்கேன் செய்த நாளைக் கணினி தானாகவே குறித்துக்கொள்ளும்.

மாதம் 7 என்றால் 07, நாள் 5 என்றால் 05. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 2-க்குப் பிறகுதான் 10 என்று புரிந்துகொண்டு அடுக்கும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. வேறு சில செயலிகளிலும் கருவிகளிலும் 1, 10, 11, 2 என்றுதான் வரும். பூஜ்யம் போட்டுவிட்டால் எங்கே கொண்டுபோனாலும் வரிசை கலையாது.

பெயரில் விண்டோஸ் அனுமதிக்காத குறிகள் ஒன்பது: \ / : * ? " < > |

நம் ஊர் ஆவணங்களில் இடிப்பது சாய்கோடுதான். 15/07/2024 என்ற தேதியும் 123/4 என்ற சர்வே எண்ணும் அப்படியே ஏறாது. 2024-07-15, 123-4 என்று எழுதுங்கள்.

பெயரைத் தாராளமாகத் தமிழிலேயே வைக்கலாம். யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்தால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கான விசைப்பலகையில் அடித்தால், ஃபைல் பெயரில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். ஃபைல் பெயருக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க வழியில்லை என்பதே காரணம்.

நீளத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். டிரைவ், ஃபோல்டர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்ந்த முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பை விண்டோஸ் இன்னும் பல இடங்களில் கடைப்பிடிக்கிறது. தமிழில் இந்த எண்ணிக்கை சீக்கிரம் ஏறும். "தமிழ்நாடு" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றையும் கணினி தனியாக எண்ணுவதால் அதற்கு ஒன்பது. நீண்ட பெயர்களோடு ஏழெட்டு அடுக்கு போனால், காப்பி செய்யும்போது பாதை நீளம் என்று சொல்லி நின்றுவிடும். படி 3-இல் அடுக்குகளைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஃபைனல்", "ஃபைனல்2", "உண்மையான ஃபைனல்" என்ற பெயர்களை விட்டுவிடுங்கள். திருத்திக்கொண்டே இருக்கும் ஆவணத்துக்குப் பதிப்பு01, பதிப்பு02 என்று முடிவில் சேர்த்தால் எது புதியது என்ற சந்தேகமே வராது.

ஃபைல்கள் நிறைய இருந்தால் ஒரு சுருக்குவழி: முதல் ஃபைலில் எஃப்2, பெயரை அடித்ததும் என்டருக்குப் பதில் டேப். நேராக அடுத்த ஃபைலின் பெயருக்குப் போய்விடும். தவறாக அடித்துவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட்.

படி 5: நகர்த்துவது

ஃபைலை மவுஸால் இழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பது, எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே டிரைவுக்குள் இழுத்தால் நகரும். வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல் ஆகும். இது தெரியாததால்தான் ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்து விடுங்கள். நகலா, நகர்த்தலா என்று கேட்கும், நீங்களே முடிவு செய்யலாம்.

ஒரே டிரைவுக்குள் நகர்த்துவது நொடியில் முடியும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த ஃபைல் எங்கே என்று டிரைவ் வைத்திருக்கும் பதிவேட்டில் முகவரி மட்டும் மாறும். வேறு டிரைவுக்கு கட், பேஸ்ட் செய்யும்போது விண்டோஸ் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துப் பழையதை அழிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. அதனால் டிரைவ் மாறும்போது காப்பி செய்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, பிறகு பழையதை அழியுங்கள்.

இன்னொரு பெரிய ஏமாற்றம் ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகானின் இடது மூலையில் சிறிய வளைந்த அம்பு தெரிந்தால் அது ஃபைல் அல்ல, ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் பலகை. அதை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பிரிண்ட் எடுக்கப் போனால் அங்கே எதுவும் திறக்காது. அளவு ஒன்றிரண்டு கேபிதான் காட்டுகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) பயன்படுத்துவோர், ஃபைலின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த ஃபைல் உங்கள் கணினியில் இல்லை; இணையம் இருந்தால்தான் இறங்கும்.

தொடக்கூடாதவையும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களை அப்படியே விட்டுவிடுங்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரையும் அழகுக்காக இடம் மாற்றாதீர்கள். மென்பொருள் பழைய பாதையிலேயே தேடும். நிறுவனப் பட்டியல் காலியாகத் தெரியும்.

படி 6: மூலம் வேறு, அனுப்பும் நகல் வேறு

வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதற்காக 3 எம்பி படத்தைச் சுருக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டால் மூலம் போய்விட்டது. சுருக்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்கினாலும் தெளிவு வராது. சுருக்கும் முன்பே ஒரு நகல் எடுத்து, "_50கேபி" என்று முடிவில் சேர்த்து வையுங்கள். பதிவேற்றும் படிவங்களில் சில, தமிழ் எழுத்தையோ இடைவெளியையோ ஏற்காது. அந்த நகலுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சிறிய பெயர் வைத்தால் சரியாகிவிடும்.

புகைப்படங்களுக்கும் இதே எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி முதலிய உள்விவரங்களும் உதிர்ந்துவிடும். பெயரில் தெரியும் தேதியை நம்பிப் படத்தை அடுக்கினால் ஆண்டே மாறிப்போகலாம். மூலப்படம் வேண்டுமென்றால் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 7: புதிதாக வருபவை

டவுன்லோட்ஸில் இறங்குவதை வாரத்துக்கு ஒருமுறை "00_வந்தவை"க்குக் கொண்டுவந்து, பெயரிட்டு, உரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். பெயரின் முடிவில் (1), (2) என்று இருப்பவை பெரும்பாலும் ஒரே ஃபைலை மறுபடி இறக்கியவை. அளவு ஒன்றாக இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டே அழியுங்கள். ஜிப் ஃபைலுக்குள் இருப்பதை அங்கேயே திறந்து திருத்தாதீர்கள். எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து வெளியே எடுத்த பிறகு திருத்துங்கள். இல்லாவிட்டால் செய்த திருத்தம் தொலையலாம்.

அழிக்கும்போது டெலீட் மட்டும் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், மீட்கலாம். ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் அங்கே போகாது, நேராக அழிந்துவிடும். பென் டிரைவிலிருந்து அழிப்பவையும் ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை.

படி 8: காப்பு

"டி டிரைவில் போட்டிருக்கிறேன், பத்திரமாக இருக்கும்" என்பது பாதிதான் உண்மை. விண்டோஸை மறுபடி நிறுவ சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி தப்பிக்கும். ஆனால் நிறைய கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு அறைகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

மேகக்கணி, அதாவது இணையச் சேமிப்பகம், மட்டும் இருந்தாலும் போதாது. ஒன்டிரைவ் 5 ஜிபியும், கூகுள் 15 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன. கூகுளின் 15 ஜிபியில் ஜிமெயிலும் படங்களும் சேர்ந்தே கணக்கு. இவை ஒத்திசைவு, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். எனவே முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்பது மேகக்கணியாகவும் இருக்கலாம், நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கும் இன்னொரு டிஸ்க்காகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை நகலெடுத்ததும், காப்பு டிஸ்க்கிலிருந்து ஏதாவது நான்கு ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் இன்னொருவரைக் கணினி முன் உட்காரவைத்து, "போன வருஷத்து சொத்துவரி ரசீதை எடு" என்று சொல்லுங்கள். எந்த ஃபோல்டரை முதலில் திறக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். "04_பணம்-வரி"க்குப் போகிறாரா, "02_வீடு-நிலம்" போகிறாரா? ரசீது ஓர் இடத்தில் இருக்கட்டும். அவர் போன இடத்தில் அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்துவிடுங்கள்.